குண்டு எங்கே?

தென்னந்தோப்பும் கிணறும் உடைய அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வாய்க்காலில் கை கழுவிக் கொண்டிருந்தபோது அவருடைய தாயாரின் மோதிரம் நழுவிச் சேற்றில் விழுந்து விட்டதாம். அது கல்யாணத்தில் போட்ட மோதிரம். நாற்பது வருஷங்களாக விரலை விட்டுக் கழலாதது. வயதாகி விரல் மெலிந்ததும் அதற்கும் மனசு மாறிவிட்டது போலும்! சேற்றை வாரிப் பார்த்தார்கள். சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஜோசியம் கூடக் கேட்டார்கள். கடைசியில் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் பேரன், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினான்.

"கருவி வந்து சேர்ந்தது. ஆனால் அது வாயை மூடுவதே இல்லை. கிணற்றங்கரையை நெருங்கினால் கீச்சுக் கீச்சென்று அலறுகிறது. அலறிய இடத்தையெல்லாம் தோண்டிப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. கருவி கெட்டதா, அல்லது எங்கள் பூமி முழுதுமே தங்கமா?" என்று கேட்கிறார் அன்பர். கிணற்றில் சூரிய வெளிச்சத்தால் ஓடும் பம்பு ஒன்று இருப்பதையும், தோப்பின் ஓரமாக மின்சாரக் கம்பிகள் போவதையும் கடிதத்தின் வால் பகுதியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். வியாதியின் காரணம் பெரும்பாலும் அந்த வாலில்தான் இருக்கிறது.

அதற்குப் பரிகாரம் சொல்லுமுன், இதே மாதிரியான கருவியை வைத்துக் கொண்டு உலகத்தார் கண் முன்னே நடந்த முதல் தேடலைச் சொல்லி விடுகிறோம். அங்கே தேடியது மோதிரத்தை அல்ல. ஒரு மனிதரின் உடம்புக்குள் இருந்த ஈயக் குண்டை. மணிக்கணக்கும் நாட்கணக்கும் அதில் உயிருக்குச் சமானமாக இருந்தன.

1881-ஆம் வருஷம் ஜூலை மாதம் 2-ந் தேதி, சனிக்கிழமை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபதாவது ஜனாதிபதியான ஜேம்ஸ் கார்பீல்டு, பதவியேற்று நாலு மாதங்கள்தான் ஆகியிருந்தன, வாஷிங்டன் நகரத்து ரயில்வே ஸ்டேஷன் ஒன்றில் வெளியூர்ப் பிரயாணத்துக்காக நுழைந்தார். பின்னால் நின்ற சார்லஸ் கிட்டோ என்பவன் இரண்டு தடவை சுட்டான். தனக்கு அரசாங்க உத்தியோகம் கொடுக்கவில்லை என்பது அவன் குறை. ஒரு குண்டு கையை உராய்ந்து கொண்டு போய்விட்டது. மற்றொன்று முதுகின் வலப்பக்கத்தில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. (அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை, அது நின்ற இடத்தில் தேசீயச் சித்திரசாலை இருக்கிறது.)

"குண்டு எங்கே?" என்பதே அன்று முதல் வைத்தியர்களின் ஒரே கேள்வியாயிற்று. அந்தக் கேள்விக்கு அவர்கள் விடை தேடிய முறையை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. ஸ்டேஷன் தரையிலேயே காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். பிறகு வெள்ளை மாளிகையில் சலாகைகளை விட்டுத் துழாவினார்கள். காயத்தைத் தொடும் கையும் ஆயுதமும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று இங்கிலாந்தில் லிஸ்டர் 1867-லேயே எழுதி விட்டார். கடலுக்கு அப்பாலிருந்த பல டாக்டர்கள் அதை அப்போது காதில் போட்டுக் கொள்ளவில்லை. சிகிச்சைக்குத் தலைமை வகித்த டாக்டர் பிளிஸ், குண்டு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்து அதிலேயே உறுதியாக நின்றார். உடம்புக்குள்ளே பார்க்கும் ராண்ட்ஜன் கிரணங்களுக்கு இன்னும் பதினாலு வருஷங்கள் காத்திருக்க வேண்டும். அவை கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல்.

இந்தச் சமயத்தில் முன் வந்தவர் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். டெலிபோனுக்கு 1876-ல் உரிமை பெற்றவர். அப்போது வயது முப்பத்து நாலு. பிரான்ஸ் தேசம் 1880-ல் அளித்த வோல்டாப் பரிசின் 50,000 பிராங்குகளைக் கொண்டு வாஷிங்டனிலேயே பரிசோதனைச் சாலை ஒன்று வைத்திருந்தார். "குருட்டுத்தனமாகச் சலாகையை விட்டுக் குடைகிறார்களே, மின்சாரத்தைக் கொண்டு வலியில்லாமல் குண்டைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்ற எண்ணம் அவரைப் பற்றிக் கொண்டது.

அந்த எண்ணத்துக்கு வித்து எங்கே கிடைத்தது என்பதுதான் ரசமான சங்கதி. டெலிபோன் பிறந்த புதிதில் அதற்கு மகா சத்துரு இரைச்சல். டெலிபோன் கம்பி, தந்திக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே போகும். தந்திக் கம்பியில் மின்சாரம் விட்டு விட்டு ஓடும் ஒவ்வொரு தடவையும், தொடாமலே பக்கத்துக் கம்பியில் ஒரு சிறு மின்சாரம் கிளம்பும். பேசுகிறவர் குரலோடு யாரோ அனுப்புகிற தந்தியின் கடகடப்பும் கேட்கும். இதைப் போக்குவதற்காக இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது பெல் சில சோதனைகள் செய்தார். கம்பிச் சுருள்களை ஒன்றுக்கொன்று எதிராக வைத்து, ஒன்றில் நுழையும் இரைச்சலை மற்றொன்றில் நுழையும் இரைச்சல் அழித்துவிடும்படி சமன் செய்து பார்த்தார். நிசப்தம் உண்டாயிற்று. ஆனால் அந்த நிசப்தமான நிலையில் ஓர் உலோகத் துண்டு பக்கத்தில் வந்தால், டெலிபோன் மறுபடியும் பேசத் தொடங்கியது! அப்போது அது வெறும் உபத்திரவம். 1881-ல் அதுவே உயிர் காக்கும் உபாயமாகத் தோன்றியது. லண்டனில் டேவிட் ஹ்யூஸ் என்பவரும் 1879-ல் இதே தத்துவத்தில் 'தூண்டல் தராசு' ஒன்றைச் செய்து காட்டியிருந்தார்.

தராசு என்ற பெயர் பொருத்தமானதே. அகலமான இரண்டு கம்பிச் சுருள்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வையுங்கள். முதல் சுருளில் மின்சாரத்தை விட்டு விட்டு ஓட்டினால், அதைச் சுற்றிக் காந்த சக்தி கூடியும் குறைந்தும் துடிக்கும். அந்தத் துடிப்பு இரண்டாவது சுருளிலும் மின்சாரத்தைக் கிளப்பவேண்டியது நியாயம். ஆனால் இரண்டையும் மெல்ல நகர்த்திக் கொண்டே போனால், ஓர் இடத்தில் மேலே போகும் காந்த சக்தியும் கீழே வரும் காந்த சக்தியும் சரிக்குச் சரியாகி, இரண்டாவது சுருள் ஊமையாகிவிடும். இதுவே தராசின் முள் நடுவில் நிற்கும் நிலை. இப்போது ஒரு காசோ குண்டோ அருகில் வந்தால், துடிக்கும் காந்தம் அதற்குள்ளும் சுழல் மின்சாரத்தை எழுப்பும். அந்த மின்சாரத்துக்கும் ஒரு காந்தம் உண்டு. அது தராசைச் சாய்த்துவிடும். இரண்டாவது சுருளோடு கட்டிய டெலிபோனைக் காதில் வைத்திருப்பவருக்கு 'ர்ர்' என்று சப்தம் கேட்கும். இன்று கடையில் விற்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றின் தட்டைப் பிளந்து பார்த்தால், உள்ளே ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு சுருள்களைக் காணலாம். அன்பரின் தோப்பில் அலறுவது பெல்லின் தராசுதான்!

பெல்லும் அவருடைய உதவியாளர் டெய்ண்டரும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். உள்நாட்டு யுத்தத்தில் குண்டடி பட்டு அதை உடம்பிலேயே சுமந்து கொண்டிருந்த பழைய சிப்பாய்களிடம் கருவியைச் சோதித்தார்கள். குண்டு இருந்த இடத்தைக் கருவி சொல்லிற்று. ஜூலை 26-ந் தேதி மாலை வெள்ளை மாளிகைக்குக் கொண்டு போனார்கள். கடுங்கோடை, ஜனாதிபதியின் அறையைக் குளிர்விப்பதற்காகக் கடற்படை இஞ்சினியர்கள், பனிக்கட்டித் தண்ணீரில் நனைந்த துணிகளின் வழியே விசிறியால் காற்றை ஊதும் யந்திரம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். மெலிந்து கிடந்த கார்பீல்டின் மேல் சுருள் மெதுவாக நகர்ந்தது. பெல் டெலிபோனில் செவியைப் பதித்துக் கொண்டிருந்தார்.

கேட்டது குண்டின் குரல் அல்ல. பொரிகிற மாதிரி ஓயாத ஒரு சடசடப்பு. பரிசோதனைச் சாலையில் இல்லாத அந்தச் சப்தம் இங்கே எப்படி வந்தது? அது கருவியின் காதையே மந்தமாக்கிவிட்டது. ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் திரும்பினார்கள். பிறகு ஆராய்ந்ததில், புதிதாகச் சேர்த்திருந்த மின்தேக்கி ஒன்றை அவசரத்தில் தவறாக இணைத்திருந்தது தெரிய வந்தது. ஒரே ஒரு கம்பி மாறின பிழை!

ஆகஸ்டு 1-ந் தேதி மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை சடசடப்பு இல்லை. ஆனால் வலப்பக்கத்தில், டாக்டர்கள் சந்தேகப்பட்ட பிரதேசத்தில், மெல்லிய ஒரு சப்தம் கேட்டது. ஒரு புள்ளியில் பிறந்து இன்னொரு புள்ளியில் மடியும் சப்தமாக அது இல்லை. பரந்த இடத்தில் மங்கலாகத் தொடர்ந்து ஒலித்தது. வைத்தியர்களுக்குப் பரம திருப்தி. தங்கள் முடிவை விஞ்ஞானமே ஊர்ஜிதம் செய்துவிட்டதாகப் பத்திரிகைகளுக்கு அறிக்கை விட்டார்கள். பெல்லுக்கு மட்டும் மனம் சமாதானம் ஆகவில்லை. ஒரு சிறு குண்டு இவ்வளவு அகலமாகப் பேசுமா?

மறுநாள் அவர் போய், "படுக்கைக்கு அருகில் உலோகம் எதுவும் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா?" என்று விசாரித்தார். அப்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது: ஜனாதிபதி படுத்திருந்த குதிரை மயிர் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை இருக்கிறது! அந்தக் காலத்தில் கம்பி மெத்தை என்பது எங்கோ சில வீடுகளில் மட்டும் இருந்த புதுமை. அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. தேசத்தின் தலைவருக்கு நல்ல படுக்கை போடவேண்டும் என்ற அன்பே தராசின் தட்டில் போய் உட்கார்ந்து கொண்டது.

இந்தக் கதையைச் சொல்லுகிற பலர் இங்கேயே நிறுத்தி, "மெத்தைதான் ஜனாதிபதியைக் கொன்றது" என்று முடித்துவிடுவார்கள். அது பெல்லுக்கு நியாயம் செய்வதாகாது. அவர் அதே மாதிரி மெத்தை ஒன்றைத் தருவித்துச் சோதனை செய்தார். கம்பி வலையின் கண்கள் பெரியவையாக இருந்ததையும், சப்தம் கேட்ட இடம் படுக்கையின் அளவைப் பார்க்கச் சிறியதாக இருந்ததையும் யோசித்து, மெத்தையால் பெரிய கெடுதல் நேர்ந்திராது என்று அப்போது கருதினார். குண்டு கருவிக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது என்பதே 1882-ல் மாண்ட்ரியாலில் அவர் படித்த கட்டுரையில் கூறிய முடிவு. நமக்குத் தோன்றுவது என்னவென்றால், காரணம் ஒன்றல்ல. ஆழம் ஒரு பக்கம்; மெத்தை ஒரு பக்கம்; எல்லாவற்றுக்கும் மேலாக, தேடுமுன்பே விடையைத் தீர்மானித்து விட்ட டாக்டரின் பிடிவாதம் ஒரு பக்கம். வலப்பக்கத்தில் தேடினார்கள், வலப்பக்கத்தில் ஏதோ ஒலித்தது, சரியாய்ப் போயிற்று என்றார்கள்.

செப்டம்பர் 19-ந் தேதி, சுடப்பட்ட 79-ஆவது நாள், கடற்கரை ஊர் ஒன்றில் கார்பீல்டு காலமானார். சவத்தைப் பரிசோதித்தபோது குண்டு அகப்பட்டது. முதுகெலும்பைத் துளைத்துக் கொண்டு போய், இடப்பக்கத்தில், கணையத்துக்குப் பின்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தது. உடம்பு தானே அதைச் சுற்றி உறை கட்டி அடக்கி வைத்திருந்தது. அடங்காமல் இருந்தது, கைகளும் சலாகைகளும் உள்ளே கொண்டு போய் விட்ட விஷம். தான் சுட்டது மட்டுமே, கொன்றவர்கள் டாக்டர்கள் என்று கிட்டோ நீதிமன்றத்தில் வாதாடினான். அந்த வாதம் அவனைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றவில்லை.

பெல்லுக்கு அந்த வருஷம் இன்னொரு துக்கமும் சேர்ந்தது. ஆகஸ்டு 15-ந் தேதி அவருக்குப் பிறந்த ஆண் குழந்தை சில மணி நேரத்திலேயே இறந்து போயிற்று. அவர் கருவியைக் கைவிட்டுவிடவில்லை. குண்டின் மேல் ஊசி பட்டதும் டெலிபோனில் ஒலிக்கும்படியான ஒரு சலாகைக்கும் வழி செய்தார். ஹைடல்பர்க் சர்வகலாசாலை 1886-ல் அவருக்குக் கௌரவ வைத்தியப் பட்டம் அளித்தது.

இது நிற்க. இனி தோப்புக்குப் போவோம்.

பெல் பட்ட கஷ்டத்தில் இரண்டு ஜாதி உண்டு என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். முதல் நாள் கேட்டது மின்சாரச் சடசடப்பு. அங்கே உலோகமே இல்லை. இரண்டாம் நாள் மெத்தை சொன்னது பொய்யல்ல, மெய்தான். ஆனால் கேட்ட கேள்வி வேறு. கருவியைக் கையில் எடுக்கிறவர் முதலில் இந்த இரண்டில் எது தம்மை வதைக்கிறது என்று தெரிந்து கொள்ளவேண்டும். அதற்குச் சுலபமான பரீட்சை இருக்கிறது. தட்டைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அசையாமல் பிடித்துக் கொண்டு நில்லுங்கள். அப்போதும் அலறினால், அலறல் பூமியிலிருந்து வருவதல்ல, காற்றில் வருவது. தூக்கியதும் அடங்கி, மண்ணை ஒட்டி வீசும்போது மட்டும் கத்தினால், மண்ணிலுள்ள இரும்புச் சத்தோ, புதைந்த ஆணியோ, தேடுகிறவரின் கை வளையும் மண்வெட்டியுமோ காரணமாக இருக்கும்.

காற்றில் வருவது என்றால் என்ன? கருவியின் இரண்டாவது சுருள் ஒரு காது. தன் ஜோடியின் குரலை மட்டும் கேள் என்று அதற்குச் சொன்னாலும், துடிக்கிற காந்தம் எதுவானாலும் அதற்குள் நுழைந்துவிடும். வால்வு ரேடியோ இருந்த வீடுகளில், அடுத்த வீட்டில் மோட்டார் ஓடினாலும், வானத்தில் மின்னினாலும் பாட்டுக் கச்சேரியின் நடுவே கரகரவென்று இரையும், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இதுவும் அதேதான். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை முழுச் சுற்றாகத் துடிக்கிறது; அமெரிக்காவில் 60 தடவை. உலோகம் தேடும் கருவிகளோ பெரும்பாலும் வினாடிக்குச் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் துடிப்புகளில் வேலை செய்பவை. அப்படியானால் இரண்டும் மோதக்கூடாதே என்று கேட்கலாம். வீட்டு மின்சாரம் அவ்வளவு சுத்தமானதல்ல என்பதே பதில். அதன் இரட்டிப்பு, மும்மடங்கு, பன்மடங்குத் துடிப்புகளும் கம்பியில் கலந்து ஓடுகின்றன. போதாக்குறைக்கு இந்தக் காலத்து மின் சாதனங்கள் வேறு! மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்பும் எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வர்ட்டர், வேகம் மாற்றும் மோட்டார் ஆகிய ஒவ்வொன்றும் அந்தப் பத்தாயிரக் கணக்கிலேயே கூச்சல் போடும். அன்பருடைய கிணற்றிலுள்ள சூரியப் பம்பும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. சூரியத் தகடு தரும் ஒரே திசை மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி ஒன்று அங்கே இருக்கும்; அதன் வேலையே நறுக்குவதுதான்.

பரிகாரங்களில் முதலாவதும் சிறந்ததும் ஒன்றே: கூச்சல் போடுபவனை நிறுத்துவது, அல்லது அவனை விட்டு விலகிப் போவது. பம்பை நிறுத்துங்கள். மடியிலுள்ள செல்போனை அணைத்துவிடுங்கள்; அணைக்க மனமில்லாவிட்டால் வரப்பில் வைத்துவிட்டு வாருங்கள். மின்சார வேலி பக்கத்தில் இருந்தால் வினாடிக்கு ஒரு தடவை 'டக், டக்' என்று தாளம் போடும். அதனால் அதைக் கண்டுகொள்வது எளிது. துணைக்கு வந்த நண்பர் இன்னொரு கருவியோடு பக்கத்தில் நடந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏசிக் கொள்ளும். எட்டி நடக்கச் சொல்லுங்கள்.

நிறுத்த முடியாத கம்பிக்கு அடியில் தேடவேண்டியிருந்தால், கருவியின் துடிப்பைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் இதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. ரேடியோவில் முள்ளைத் திருப்பிக் கரகரப்பில்லாத இடத்தைப் பிடிப்பது போல, இரைச்சல் குறைந்த துடிப்பை அது தானே தேடி நிற்கும். பொத்தானை அழுத்தும்போது தட்டை அசைக்கக்கூடாது என்பதே முக்கியம். அடுத்த உபாயம், சிறிய தட்டை மாட்டுவது. பெரிய காது தூரத்து மோதிரத்தை மட்டுமா கேட்கும்? தூரத்துக் கூச்சலையும் சேர்த்தே கேட்கும். தட்டைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்தால் இரைச்சல் ஏறி இறங்குவதிலிருந்து அது எந்தத் திசையில் வருகிறது என்பதையும் ஊகிக்கலாம்.

தங்கம் தேடுவோர் சிலர் எட்டுப் போல முறுக்கிச் சுற்றிய சுருளை உபயோகிக்கிறார்கள். எட்டின் ஒரு வளையம் வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றப்பட்டிருக்கும். தூரத்திலிருந்து வரும் இரைச்சல் இரண்டு வளையங்களிலும் ஒரே அளவாக நுழைவதால் ஒன்றையொன்று அழித்துவிடும். அருகிலுள்ள தங்கமோ ஒரு வளையத்துக்கு மட்டும் கிட்டத்தில் இருப்பதால் அழியாமல் கேட்கும். இதற்குப் பதிலாக ஆழத்தில் கொஞ்சம் இழக்க வேண்டும். இந்த யுக்தி யாருடையது போல் தோன்றுகிறது? இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, பக்கத்துத் தந்தியின் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி அழிந்து போகும்படி செய்யும் டெலிபோன் ஏற்பாட்டுக்குப் பெல் உரிமை பெற்றது, கார்பீல்டு சாய்ந்து கிடந்த அதே 1881-ஆம் வருஷத்தில்தான்.

எல்லோரும் முதலில் தொடுகிற பரிகாரத்தைக் கடைசியில் சொல்லுகிறோம்: கருவியின் கூர்மையைக் குறைப்பது. ஒரு திருகைத் திருகினால் போதும். வீட்டில் குழந்தை அழுகை அடங்கிய மாதிரி இருக்கும். ஆனால் கூர்மையோடு ஆழமும் போய்விடும். மோதிரம் தேடுகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கண்ணி வெடி தேடுகிறவருக்கோ அந்தத் திருகு எமன். வெடி தேடும் கருவியை யுத்த காலத்தில் திறம்படச் செய்தவர் ஜோசப் கொஸாக்கி என்ற போலந்து தேசத்து ராணுவ அதிகாரி. ஸ்காட்லாந்தில் அகதிப் படையில் இருந்தபோது 1941-ல் அதை உருவாக்கி, உரிமைப் பணம் கேட்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். 1942 அக்டோபரில் எல் அலமீன் பாலைவனத்தில் அவற்றுள் 500 கருவிகள் படைக்கு வழி திறந்தன. இன்றும் வெடி அகற்றுவோர், வேலை தொடங்குமுன் தெரிந்த ஆழத்தில் புதைத்த மாதிரிப் பொருளின் மேல் கருவியை வீசி, அது காட்டுகிறதா என்று பார்த்துக் கொள்கிறார்கள். மின்சார இரைச்சலில் காட்டவில்லையானால் கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு, முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறவேண்டியதுதான்.

ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது மற்றொருவருக்குச் சமாசாரமாக ஆவதும் உண்டு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கெர்ஹார்டு பிஷர், ஆகாய விமானங்களுக்குத் திசை காட்டும் ரேடியோக் கருவி செய்து கொண்டிருந்தார். உலோகக் கட்டடங்களுக்கும் தாதுப் பொருள் உள்ள நிலத்துக்கும் அருகில் அது திசை தப்பிக் காட்டுவதாகத் தெரிந்தது. பிழையைத் திருத்துவதற்குப் பதிலாக, பிழையையே தொழிலாக்கிக் கொண்டார். நடந்து கொண்டே தேடக்கூடிய அவருடைய கருவிக்கு 1937-ல் உரிமை கிடைத்தது. அன்பரின் பேரன் கடையில் வாங்கியதற்கு அதுதான் பாட்டனார்.

இனி அன்பருக்கு நேராகவே எழுதிவிடுகிறோம்.

ஐயா, கருவி கெட்டதல்ல, பூமியும் தங்கமல்ல. சூரியன் உதிக்குமுன், விடியற்காலை வெளிச்சம் வந்த சமயத்தில் தோப்புக்குப் போங்கள். பம்பு அப்போது தூங்கும். இருந்தாலும் அதன் சுவிட்சையும் அணைத்து வையுங்கள். செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும். தாயாரிடம் இன்னொரு மோதிரம் இருந்தால் அதை நூலில் கட்டி, ஒரு சாண் ஆழத்தில் ஈர மண்ணில் புதைத்து, அதன் மேல் கருவியை வீசிப் பாருங்கள். அது எப்படிப் பேசுகிறது என்பதைக் காதில் பதித்துக் கொள்ளுங்கள். கருவியில் அற்ப உலோகங்களை ஒதுக்கும் ஏற்பாடு இருந்தால் அதை மூடி விடுங்கள். மெல்லிய தங்க மோதிரமும் மாத்திரை சுற்றி வரும் அலுமினியத் தாளும் அதன் காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். தாளை ஒதுக்கச் சொன்னால் மோதிரத்தையும் ஒதுக்கிவிடும். ஆகையால் பத்து மாத்திரைத் தாள்களைத் தோண்டி எடுக்கப் பொறுமை வேண்டும். வாய்க்காலின் கீழ்ப்பக்கத்திலும், வாரிப் போட்ட சேற்றிலும் முதலில் பாருங்கள், சல்லடைக்குத் தப்பியிருக்கலாம்.

இன்னொன்று. கிணற்றங்கரையில் கருவி நேர்கோடாக நீண்ட தூரத்துக்கு விடாமல் ஒலித்தால் அங்கே கடப்பாரை போடாதீர்கள். அது பம்புக்குப் போகும் புதைத்த கம்பியாக இருக்கும். வேறு ஏதேனும் பழைய காசுக் குடம் கிடைத்துத் தொலைத்தால், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. தாயாரின் மோதிரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதைத் துடைத்து அம்மாள் விரலில் போட்டுவிட்டு, நமக்கு ஒரு வரி எழுதுங்கள். விரலுக்குப் பெரிதாக இருந்தால் உள்பக்கம் நூல் சுற்றிக் கொடுக்க மறக்கவேண்டாம்.